அரிசி டிரம்முக்குள் ஒரு பாடப்புத்தகம்: ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிய பெண் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர், முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பீடி சுற்றும் 38 வயதுப் பெண். எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர்; சடங்கு முடிந்த கையோடு படிப்பை நிறுத்திவிட்டு, தாயின் சுளகுக்கு எதிரே இன்னொரு சுளகைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கணவர் குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். மகன் உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதிவிட வேண்டும் என்பது இவருடைய நெடுநாள் ஆசை. மகளைத் தவிர எவருக்கும் தெரியாமல் அந்த ஆசையை ஒன்றரை ஆண்டாக மறைத்து வந்த நிலையில், தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடக்கிறது என்று ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இதயத்தில் கோளாறு ஏதும் இல்லை என்று அங்கே சொன்ன பிறகு, மகளின் வற்புறுத்தலால் ஆலோசகரான என்னிடம் வந்தார். அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

படிப்பது தெரிந்தால் தெரு சிரிக்கும் என்பதுதான் அவர் முதலில் சொன்னது. "இந்த வயசுல படிச்சி கலெக்டராவா ஆகப் போறா"ன்னு கேப்பாவ மேடம், என்றார். அப்படி எவராவது கேட்டதுண்டா என்றபோது, இல்லை, கேட்பார்கள் என்றார். வேலைக்காகப் படிக்கிறேன் என்றால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வேலை நோக்கம் எதுவும் இல்லை. விட்ட இடத்திலிருந்து படித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால் எடுத்துச் சொல்ல ஒரு பயன் இல்லாத விருப்பம் என்பதாலேயே அது அவருக்கு வெட்கமாகப் பட்டது. குடும்பத்துக்காக என்ற காரணம் சொல்ல முடியாத எந்த ஆசையையும் குற்றம்போலப் பொத்தி வைத்துக்கொள்ளும் பெண்களை இந்த வட்டாரத்தில் நான் நிறையவே பார்க்கிறேன். ஆண்களிடம் இதே அச்சம் பெரும்பாலும் தோல்வியைப் பற்றியதாக இருக்கிறது. இவரைப் போன்றவர்களிடம் அது, ஆசைப்பட்டதே வெளியே தெரிந்துவிடுமோ என்பதாக இருக்கிறது.

மறைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாடு சிறிதன்று. கணிதப் புத்தகம் அரிசி டிரம்முக்குள் இருந்தது. மற்றவற்றுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு, மகனுடைய பழைய புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தார். ஆயிரம் பீடிக்கு இலை வெட்டி, சுற்றி, நுனி மடக்கி, கட்டுப் போட்டு முடித்து, வீடு அடங்கிய பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து டுடோரியல் ஒன்றுக்குப் போய் வந்தார். தோள்பட்டை வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். பீடி சுற்றுகிறவர்களுக்குத் தோள் வலியும் இடுப்பு வலியும் புதிதல்ல என்பதால் அந்தக் காரணம் முதலில் நன்றாகவே எடுபட்டது.

சில மாதங்களில் அதுவே சிக்கலாயிற்று. எந்த வைத்தியர், என்ன தைலம், எங்கள் அத்தைக்கும் அதே வலிதான், நாங்களும் வரலாமா என்று தெருவில் கேட்கத் தொடங்கினார்கள். கணவரின் அக்கா, இவர் 'மைனி' என்று அழைப்பவர், துணைக்கு வருகிறேன் என்று இருமுறை கிளம்பி நின்றார். சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார் இவர். பிறகு வேறு மாதிரியான பேச்சு எழுந்தது: வாரம் தவறாமல் தனியாளாக ஜங்ஷனுக்குப் போகிறாளே, யாரைப் பார்க்க? படிக்கிறாள் என்று தெரிந்தால் கிடைத்திருக்கக்கூடிய கேலியைவிடப் பல மடங்கு கொடிய பேச்சு இது. கேலிக்குப் பயந்து மறைத்தார். மறைத்ததால் நடத்தையின் மேலேயே பழி வந்தது. அவருடைய படபடப்பு தொடங்கியதும் அந்தப் பேச்சு எழுந்த வாரத்தில்தான்.

மதிப்பீடு

பிறர் தம்மைக் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற அச்சத்தை அளக்க 1969-இல் உளவியலாளர்கள் வாட்சனும் ஃபிரெண்டும் 30 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். 1983-இல் லியரி அதை 12 கூற்றுகளாகச் சுருக்கினார். அந்தப் பன்னிரண்டையும் பேச்சுத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டேன். தரப்படுத்தாத மொழிபெயர்ப்பில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை என்பதால் மதிப்பெண்ணைத் தரவில்லை. ஆனால் விடை சொன்ன விதம் பயன்பட்டது. ஏறத்தாழ ஒவ்வொரு கூற்றுக்கும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "யாரு பாக்காவ?" ஜங்ஷனில் முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றுமில்லை. பீடிக்கடையில் செக்கர் கட்டைப் பிரித்து, சரியில்லை என்று பீடிகளைக் கழித்துப் போடும்போது, அத்தனை பேர் முன்னிலையில் எதிர்த்துப் பேசி நியாயம் கேட்பவர் இவர். கோயில் கொடையில் கும்மிப்பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் இவரே. அச்சம் முழுவதும் ஒரு தெரு, ஒரு பள்ளி, ஒரு மைனி ஆகியவற்றுக்குள் அடங்கியிருந்தது.

ஆகவே இதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்று நான் கொள்ளவில்லை. 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் வரையறை, அச்சம் பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பதை மட்டும் பார்ப்பதில்லை. உண்மையான ஆபத்தையும் அவரவர் சமூக, பண்பாட்டுச் சூழலையும் கணக்கில் கொண்டு பார்த்தால் அந்த அச்சம் அளவுக்கு மீறியதாக இருக்கிறதா என்றும் கேட்கிறது. இவருடைய அச்சம் அளவுக்கு மீறியதா என்பதற்கு விடை காண, அவர் வாழும் தெருவைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இங்கேதான் பொதுவான அறிவுரைகள் வழுக்குகின்றன. "யாரும் உங்களைக் கவனிக்கவில்லை, அவரவர்க்கு அவரவர் வேலை" என்பது இத்தகைய அச்சத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கிலோவிச், மெட்வெக், சாவிட்ஸ்கி ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்குக் கூச்சம் தரக்கூடிய படம் அச்சிட்ட சட்டையை அணிவித்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அணிந்தவர், ஏறக்குறையப் பாதிப்பேராவது சட்டையில் இருப்பவர் யார் என்று கண்டுகொண்டிருப்பார்கள் என நினைத்தார். உண்மையில் கண்டுகொண்டவர்கள் கால்வாசிப் பேர்தான். நல்ல ஆய்வு, நானும் பலரிடம் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் சில நிமிடங்களில் கலைந்துபோகும் ஓர் அறைக்கும், மூன்று தலைமுறையாக ஒரே குழாயடியில் குடம் வைக்கும் ஒரு தெருவுக்கும் வேறுபாடு உண்டு. அந்தத் தெருவில் உண்மையாகவே கவனிக்கிறார்கள். கறிக்குழம்பு வைத்தால் தெரியும், வைக்காவிட்டாலும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிற ஒருவரிடம் "யாரும் பார்க்கவில்லை" என்று சொன்னால், ஆலோசகருக்கு ஊர் நடப்புத் தெரியவில்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார், அது நியாயமும்கூட.

"ஊர் என்ன சொன்னால் என்ன, உதறித் தள்ளுங்கள்" என்பதும் இதே வகைதான். சீட்டுக்கு ஆள் சேர்ப்பது, மகளிர் குழுவில் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துத் தருவது, மகளுக்கு வரன் கேட்டு வருபவர்களிடம் நல்ல வார்த்தை சொல்வது எல்லாமே அந்தத் தெருவின் வாய் வழியாகத்தான் நடக்கின்றன. நற்பெயர் என்பது இங்கே கைமாற்றுக் கடனுக்கான பிணை. அதை உதறச் சொல்வது, பிறர் தயவு தேவைப்படாத வருமானம் உள்ளவர்கள் சொல்லக்கூடிய யோசனை.

தலையீடு

எனவே நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பேசுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சால் எது போகும், எவ்வளவு நாள் போகும்? அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினோம். பீடிக்கடைப் பாஸ்புத்தகம் போகாது. சீட்டு போகாது. மகளுக்கு வரன் பார்ப்பதில், தாய் பத்தாவது எழுதியது குறையாகுமா என்று நெடுநேரம் யோசித்து, ஆகாது என்றார். ஜங்ஷன் பேச்சு ஆகும் என்றார். அதைச் சொன்னபோதே அவர் குரல் மாறியது, ஏனென்றால் அந்தப் பேச்சை வளர்ப்பது படிப்பு அன்று, மறைப்பு என்பது அவருக்கே பிடிபட்டுவிட்டது. கடைசியில் உண்மையான இழப்பாக நின்றவை இரண்டுதான்: மைனியோடு உள்ள உறவும், மகனுடைய கூச்சமும்.

இவருடைய மறைக்கும் உத்திகளை விளங்கிக்கொள்ள, 1995-இல் கிளார்க்கும் வெல்ஸும் முன்வைத்த விளக்கம் உதவியது. அச்சப்படுகிறவர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் செயல்களே அச்சம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கு இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. கவனம் முழுவதும் உள்நோக்கித் திரும்பி, மற்றவர் கண்ணுக்குத் தாம் எப்படித் தெரிவோம் என்ற ஒரு சித்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நிகழ்வு முடிந்த பிறகும் அதை அசைபோட்டு அசைபோட்டுப் பெரிதாக்கிக்கொள்கிறார். இவரிடம் மூன்றும் இருந்தன. அவர் மனத்தில் இருந்த சித்திரம் இது: நைட்டியும் மேலே துண்டுமாக, பருத்த உடம்போடு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சில் இடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை. அதைத் தம் கண்ணால் அன்று, எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோல விவரித்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு படியையும் எடுத்து வைக்கும் முன்பாக, யார் என்ன வார்த்தை சொல்வார்கள், எத்தனை நாள் பேசுவார்கள் என்று இடப்பக்கத்தில் எழுதி, நடந்ததை வலப்பக்கத்தில் எழுதுவது என முடிவாயிற்று. முதல் படி, புத்தகத்தின் செய்தித்தாள் அட்டையைக் கிழிப்பது. அடுத்தது, பகலில் வாசல் நடையில் உட்கார்ந்து படிப்பது. கேட்டால் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்: "ஆமா, பத்தாவது எழுதப் போறேன்." அதற்கு மேல் விளக்கம் கூடாது என்று வற்புறுத்தினேன். நீண்ட விளக்கமும் ஒருவகை மறைப்புதான். எதிரே இருப்பவர் ஒப்புக்கொள்ளும் வரை பேசிக்கொண்டே இருக்க வைக்கும், ஒப்புதல் கேட்டு நிற்கிறோம் என்பதையும் காட்டிக்கொடுக்கும். எனக்குத் தெரிந்து மிகவும் கடினமான பயிற்சியும் இதுவே.

ஆட்களிடம் சொல்லும்போது மைனியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முடிவு. நோட்டின் இடப்பக்கத்தில், 'சிரிப்பாள், தம்பியிடம் சொல்லி நிறுத்துவாள்' என்று எழுதியிருந்தார். மைனி சிரிக்கவில்லை. "ஊரே உன்னப் பத்தி என்னென்னமோ பேசுது, நாந்தான் ஒவ்வொருத்தி வாயையும் அடைச்சிட்டு வாரேன். எங்கிட்டச் சொல்லக் கூடாதாட்டி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு பல வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இழப்பு ஏற்படும் என்ற கணிப்பு சரி. காரணம்தான் முற்றிலும் தவறு. படித்ததற்காக அன்று, நம்பாததற்காகக் கோபம். வேறு எந்த உரையாடலைவிடவும் இவரை அசைத்தது இதுவே என்று நினைக்கிறேன். பிறருடைய தீர்ப்பைப் பற்றிய அச்சத்தில், அந்தப் பிறரைப் பற்றி நாம் வழங்கிவிட்ட தீர்ப்பு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் சரிபார்க்கப்படுவதே இல்லை.

பீடிக்கடையில் இருவர் சிரித்தார்கள். 'பத்தாங்கிளாஸ் அக்கா' என்ற பட்டப்பெயர் வந்தது, இன்றும் இருக்கிறது. "இனி கணக்கெல்லாம் நீங்களே போட்டுக்கிடுவிய" என்றார் செக்கர். அது கேலியா மரியாதையா என்று வலப்பக்கத்தில் எழுத முடியாமல் இவர் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். ஒரு பெண் மட்டும் தனியே கூப்பிட்டு, எட்டாவதில் தவறியவர்கள் எழுத வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, எட்டாம் வகுப்புக்கும் தனித்தேர்வு நடக்கிறது.

பள்ளி

பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதும் தனித்தேர்வர், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளியில் வகுப்புக்குப் போயாக வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். இவருக்கு ஒதுக்கப்பட்டது மகன் படிக்கும் அதே பள்ளி. அந்தக் கடிதம் வந்த அன்று, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று தொலைபேசியில் அழைத்தார்.

மகனுடைய கூச்சத்தை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். பையன்கள் ஓட்டுவார்கள், நீ வராதே என்றான் அவன். இது கற்பனை அச்சம் அன்று. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நிச்சயம் ஓட்டுவார்கள். அவனைச் சம்மதிக்க வைக்க முயலவில்லை. பள்ளியில் அவனைக் கூப்பிடுவதில்லை, அவன் வகுப்புப் பக்கம் போவதில்லை, மதியச் சாப்பாட்டைக் கொண்டு கொடுப்பதில்லை என்று இவர் வாக்குக் கொடுத்தார். அவன் முணுமுணுத்தான், தடுக்கவில்லை. கணவர் தொடக்கம் முதல் இறுதி வரை "ஒன் இஷ்டம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முதல் வகுப்பில் குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனை. உள்ளே நுழைந்ததும் திண்ணைச் சித்திரம் வந்துவிட்டது, காது அடைத்தது என்றார். தன்னைப் பார்க்காமல் கையில் இருப்பதைப் பார்ப்பது என்பதை முன்பே பழகியிருந்தோம். தூரத்துப் பொருளின் பிம்பம் திரையில் தெளிவாக விழும் வரை லென்சை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். கூட இருந்த இளைஞர்களுக்குக் கை ஆடிக்கொண்டே இருக்க, இவருக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம் தலைகீழாக, இலை இலையாகத் திரையில் வந்து நின்றுவிட்டது. இருபத்தைந்து ஆண்டு பீடி நுனி மடக்கிய விரல்கள் அவை. அளவுகோலை வைத்து எழுதி முடித்தபோதுதான், அந்த அரை மணி நேரமாகத் தன்னை யார் பார்த்தார்கள் என்று பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்ததாம். வராந்தாவில் சில பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்ததாக மகன் பிறகு சொன்னான்.

விளைவு

நான்கு பாடங்களில் தேர்ச்சி. கணிதத்தில் 35-ஐத் தொடவில்லை. தெருவுக்கே தெரியும்படி தோற்பது என்பது நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'ஒரு வருசம் பேசுவாவ' என்ற கணிப்போடு இருந்தது. இரண்டு வாரம் பேசினார்கள். அதற்குள் பக்கத்துத் தெருவில் வேறு ஒரு சங்கதி கிடைத்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் அவருக்கு எளிதாக இருக்கவில்லை, இரவில் அசைபோடுவது பழையபடி வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்று என்னைக் கேட்கவில்லை. விண்ணப்பித்த பிறகு சொன்னார். அதில் தேறினார்.

படபடப்பு நின்றுவிட்டது. மைனி பேசுகிறார், முன்போல அன்று. கல்யாண வீடு, சடங்கு வீடு என்று போய் வந்த இரவுகளில் தூக்கம் கெடுவது முழுமையாகப் போகவில்லை. அதற்காக மாதம் ஒருமுறை இப்போதும் வருகிறார். மகன் தன் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பீடிக்கடையில் தனியே கூப்பிட்டு விசாரித்த பெண்ணையும் இவரே ஒருநாள் அழைத்து வந்தார். அவருக்கும் அதே நோட்டு, அதே படிகள் போதும் என்று இவர் எதிர்பார்த்தார். பேசிப் பார்த்ததில் அவருக்கு ஊரைப் பற்றிக் கவலையே இல்லை. புத்தகத்தைக் கண்டால் வீட்டில் அடி விழும் என்பதுதான் சிக்கல். மறைத்து வைப்பது அங்கே தேவையான காப்பு. அட்டையைக் கிழிக்கச் சொல்வது ஆபத்து. அவருக்கு மகளிர் உதவி எண் 181-ஐக் கொடுத்து, எட்டாம் வகுப்புக்கான விண்ணப்பத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம்.